செடி வைத்த மீன் தொட்டியில் மருந்து: கை தவறும் இடங்கள்

யாங்கோனில் ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தால் தெருவே "மீ லா பீ" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தும். அந்தச் சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடிக்கும். போன மாதம் அப்படித்தான் தாம்வேயிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணே, மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. வீட்ல நீல மருந்து இருக்கு, ஊத்தவா?"

ஊற்றாதே என்றேன். மீன் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனையில் பாதி இந்த ஒரு சொல்தான்.

அந்தத் தொட்டியில் நடந்தது இது. ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை, கேனிஸ்டர் ஃபில்டர் நின்றுவிட்டது. மூடிய டப்பாவுக்குள் ஓட்டமில்லாமல் கிடந்த தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அதை நம்பியிருந்த நல்ல பாக்டீரியா சாகத் தொடங்கியிருக்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த அழுகல் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளிவிட்டது. போதாததற்கு விளக்கும் இல்லை. வெளிச்சம் இல்லாத நேரத்தில் செடிகள் ஆக்சிஜனைக் கொடுப்பதில்லை, மீனோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்ளும். அடர்ந்த செடித் தொட்டி இரவில் மூச்சு முட்டுவது இதனால்தான். இதில் நோய் எங்கே வந்தது?

எல்லா மீனும் ஒரே நேரத்தில் தவித்தால் குற்றவாளி தண்ணீர். ஒன்றிரண்டு மீனில் ஆரம்பித்து நாலைந்து நாளில் மெல்லப் பரவினால் நோய். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு அதிகம் பொய்த்ததில்லை. அதனால் முதலில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதியுங்கள். ஏதாவது ஒன்று தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கியதைத்தான் விட வேண்டும். நின்றுபோன ஃபில்டரை ஓடவிடும் முன் அதன் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். நம் ஊரில் அது எந்த மருந்தையும் விட அதிக மீனைக் காப்பாற்றும்.

சரி, நோய்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டார்ச் அடித்துப் பார்த்தால் ரவை தூவியது போல் உடம்பிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளி. கடைக்காரர்கள் இதை "இக்" என்பார்கள். (ஆண் தங்கமீனுக்குச் செவுள் மூடியில் மட்டும் வரிசையாகப் புள்ளி வந்தால் அது இனப்பெருக்கக் காலத்து அடையாளம். அதற்கும் மருந்து ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.) அடுத்த தவறு அளவில் நடக்கிறது. இதில் மட்டும் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம்.

இங்கே தொட்டியை அடிக்கணக்கில் விற்கிறார்கள். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் இரண்டு கன அடி, அதாவது 56 லிட்டரும் கொஞ்சமும். வாங்கியவர் மனதில் "56 லிட்டர் தொட்டி" என்று பதிந்துவிடும். ஆனால் தண்ணீரை விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை, ஓர் அங்குலம் விட்டிருப்போம். அடியில் மண்ணே இரண்டு அங்குலம் இருக்கும். மண் இடுக்கில் நிற்கும் தண்ணீரைச் சேர்த்தாலும் மீதி 45 லிட்டர் பக்கம். கல்லும் மரக்கட்டையும் செடியும் பிடித்த இடத்தைக் கழித்தால் 40 லிட்டர்தான் தேறும். 56க்கு ஊற்றினால் மருந்து நாற்பது சதவீதம் கூடுதல். சில மருந்துகளில் குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி கூடக் கிடையாது.

அடுத்தது காலன். பர்மாவில் காலன் என்றால் நாம் நினைப்பது இங்கிலாந்துக் காலன், 4.546 லிட்டர். அமெரிக்க மருந்துப் புட்டியில் போட்டிருப்பது 3.785 லிட்டர் காலன். இரண்டு கன அடித் தொட்டி நம் காலனில் பன்னிரண்டரை, அவர்கள் காலனில் பதினைந்து. வேடிக்கை என்னவென்றால், தொட்டியின் வெளி அளவை எடுத்து, நம் காலனில் கணக்குப் போட்டு, அமெரிக்கப் புட்டியின்படி ஊற்றினால் 47 லிட்டருக்கான மருந்து விழும். இரண்டு தவறும் ஒன்றையொன்று பாதி சரிக்கட்டிவிடும். "நான் முப்பது வருஷமா இப்படித்தான் ஊத்துறேன், ஒண்ணும் ஆகல" என்கிற பெரியவர்களின் ரகசியம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் வழி சுலபம். அடுத்த முறை தொட்டியை நிரப்பும்போது லிட்டர் அளவு தெரிந்த பக்கெட்டால் நிரப்புங்கள். மண், கல், செடி எல்லாம் வைத்த பிறகு எத்தனை பக்கெட் பிடித்தது என்று எண்ணி, கண்ணாடியின் பின்பக்கம் ஒரு டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். என் தொட்டியில் "39" என்று ஒட்டியிருக்கிறது. மருந்தை அளக்க ஊசி இல்லாத சிரிஞ்ச் போதும். மூடியில் ஊற்றி அளப்பதும் "ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு" என்பதும் பெரிய தொட்டிக்கு ஓடும், சின்னத் தொட்டிக்கு ஆபத்து.

இனி நான் பட்ட அடி. சில வருஷங்களுக்கு முன் வாலிஸ்நேரியா, ஜாவா பாசி, செர்ரி இறால் நாற்பதுக்கு மேல், நத்தைகள் என்று ஒரு தொட்டி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. புது மீனோடு வெள்ளைப் புள்ளி வந்தது. ஒரு கடையில் பெரிய கேனிலிருந்து சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். லேபிளில் ஒரு மீன் படம், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் நாலு வரி. நீல நிறம். நீலம் என்றால் மெத்திலீன் புளூ என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஊற்றினேன்.

காலையில் இறால்கள் பக்கவாட்டில் படுத்திருந்தன. சிவப்பு போய்ப் பால் வெள்ளையாக வெளுத்திருந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து, மூடியைச் சாத்திக்கொண்டு மண்ணில் கிடந்தன. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெத்திலீன் புளூ பேனா மை மாதிரி இருக்கும், ஒரு சொட்டு விரலில் பட்டால் இரண்டு நாள் போகாது. இது வெளிறிய வான நீலம், விரலில் கறையே இல்லை. மயில்துத்தம். காப்பர் சல்பேட் என்று சொன்னால் புரியாத வீட்டிலும் மயில்துத்தம் என்றால் புரியும்.

செம்பு ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவு மீனுக்குப் பெரும்பாலும் தாங்கும், இறாலுக்கும் நத்தைக்கும் தாங்காது. தண்ணீர் எவ்வளவு மென்மையோ அவ்வளவுக்குச் செம்பின் விஷம் கூடும். எனக்குத் தெரியாமல் போனது அதற்கடுத்த பாடம். பாதித் தண்ணீரை நாலு தடவை மாற்றி, இரண்டு மாதம் பொறுத்து, புது இறால் விட்டேன். அவையும் போயின. செடிக்கென்று விற்கும் மண் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். கடைசியில் மண்ணையே மாற்றினேன். செடி உரத்தில் "செம்பு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து இதற்குப் பிறகு யாரும் பயப்பட வேண்டாம், அது மிகச் சொற்பம். பயப்பட வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத புட்டிக்கு. மூலப் பொருளின் பெயர் இல்லாத மருந்தை நான் இப்போது வாங்குவதே இல்லை, இனாமாகக் கொடுத்தாலும்.

கடையில் கிடைக்கும் வெள்ளைப்புள்ளி மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது மேலகைட் கிரீன், ஃபார்மலின், அல்லது இரண்டும். செடிகள் இவற்றை ஓரளவு தாங்கும். ஆனால் ஃபார்மலினுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின் சேர்த்தால் 1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வழக்கமான அளவு 25 மில்லிகிராம், அப்படியென்றால் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் போச்சு. 30 டிகிரித் தண்ணீர் அதிகபட்சம் பிடித்து வைத்திருப்பதே ஏழரை மில்லிகிராம்தான். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு, ஏப்ரல்) நேரத்து வெயிலில் தொட்டி 32 டிகிரியில் நிற்கும்போது, நடு ராத்திரி, கரண்ட் போகப் போகிற நேரம் பார்த்து ஃபார்மலின் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கரண்ட் வந்து நிலைத்த பிறகு, ஏர் பம்ப் நன்றாக நுரைத்துக்கொண்டிருக்கும்போது ஊற்றுங்கள். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த ஃபார்மலினைத் தூக்கிப் போடுங்கள், அந்தப் படிவு மீனுக்குக் கொடிய விஷம். ஃபார்மலினையும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். மேலகைட் கிரீன் வெளிச்சத்தில் சிதையும், அதனால் தொட்டி விளக்கை இரண்டு மூன்று நாள் அணைத்து வையுங்கள், செடி செத்துப் போகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மேலகைட் கிரீனைச் சாப்பிடும் மீனுக்குப் பல நாடுகளில் தடை செய்திருக்கிறார்கள், காரணமில்லாமல் இல்லை.

நம் ஷான் மலை மீன்களை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்லே ஏரியின் சாப்வா மீனுக்கு, சாப்வா ரெஸ்ப்ளெண்டென்ஸ், உடம்பில் செதிலே கிடையாது. ஆணுக்குத் தலையும் வால் நுனியும் சிவந்திருக்கும், மீதி உடம்பு வெள்ளி முலாம் பூசியது போல் வழவழப்பு. 1918இல் விலங்கியலாளர் அன்னண்டேல் அதற்கு இந்தப் பெயர் வைத்தார், ஷான் சிற்றரசர்களான சாப்வாக்களை நினைத்து. அரச குடும்பத்துத் தோல், மருந்து சட்டென்று இறங்கும். செதில் இல்லாத மீனுக்கும் அயிரை வகை மீன்களுக்கும் மேலகைட் கிரீனைப் பாதி அளவில் ஆரம்பிப்பதுதான் வழக்கம்.

வெள்ளைப் புள்ளிக்குச் சூட்டை ஏற்று என்பார்கள். அமேசான் மீனுக்கு 30 டிகிரி சரி. 2006இல் தௌங்ஜிக்குக் கிழக்கே ஹோபோன் பக்கம் கண்டுபிடித்த செலஸ்டியல் பேர்ல் டானியோ ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்ந்த குட்டைகளில் வாழ்கிற மீன். சாப்வாவின் இன்லேயும் கடல்மட்டத்திலிருந்து 880 மீட்டர் உயரம். இவற்றுக்கு யாங்கோன் அறை வெப்பமே அதிகம். இவை இருக்கும் தொட்டியில் ஹீட்டர் போட்டு நோயைத் தீர்ப்பது, மீனையும் சேர்த்துத் தீர்ப்பது.

இவ்வளவு பார்த்த பிறகு என் யோசனை இது: மருந்தைத் தொட்டிக்குக் கொண்டுபோகாமல் மீனைத் தொட்டியிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதை எட்டாது. அது வளர்ந்து, உதிர்ந்து, மண்ணில் விழுந்து, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிந்து நீந்தத் தொடங்கும். அந்தக் குஞ்சுகளுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். இறால், நத்தை மேல் அது ஒட்டாது. ஆகவே ஒரு மீன் கூட விடாமல் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் விட்டு, அங்கே மருத்துவம் பாருங்கள். செடித் தொட்டியை இரண்டு வாரம் மீனில்லாமல் சும்மா விடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அதற்குள் ஒட்டுண்ணி பட்டினியால் தீர்ந்துவிடும். இறாலும் பாசியும் மண்ணும் மருந்து வாடையே படாமல் தப்பிக்கும்.

"எல்லா மீனையும் எப்படிப் பிடிக்கிறது, செடிக்குள்ளே ஓடி ஒளியுதே" என்பார்கள். தண்ணீரை நாலு அங்குலத்துக்கு இறக்கினால் பிடித்துவிடலாம். அரை நாள் வேலைதான்.

டப்பில் மண் வேண்டாம், செடி வேண்டாம். ஒளிய இரண்டு துண்டு பிவிசி பைப், தொட்டியிலேயே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே ஒரு வலை. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் மருந்து நல்ல பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. இங்கே ஒரு தவறு சகஜம்: 30 லிட்டர் டப்பில் 10 லிட்டர் மாற்றிவிட்டு, மறுபடியும் 30 லிட்டருக்கான மருந்தை ஊற்றுவது. போன தண்ணீருக்கு மட்டும்தான் மருந்து. இரண்டாவது தவறு, புள்ளி மறைந்த அன்றே நிறுத்துவது. புள்ளி மறைந்தால் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம், குட்டி போடப் போயிருக்கிறது. இன்னும் ஒரு வாரமாவது தொடருங்கள்.

உப்பும் இந்த டப்புக்குத்தான். லிட்டருக்கு 2 கிராம் என்பது பழைய, நல்ல வைத்தியம். 40 லிட்டருக்கு 80 கிராம், நம் சந்தைக் கணக்கில் 5 டிக்கல். (நூறு டிக்கல் ஒரு பெய்த்தா. அது தமிழ்நாட்டு வீசைதான், கப்பல் ஏறி வந்து பர்மியச் சொல்லாகிவிட்டது.) செடித் தொட்டியில் உப்பைப் போட்டால் ஜாவா ஃபெர்னும் வாலிஸ்நேரியாவும் கொஞ்சம் தாங்கும், கபோம்பா, ரோட்டாலா மாதிரி மென்தண்டுச் செடிகள் கூழாகிவிடும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் உப்பையும் சேர்த்துப் போட்டு, ஒரு மாதத்தில் தொட்டியைக் கடலாக்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார்.

என் பெரியம்மாவுக்கு வெள்ளைப் புள்ளி என்றால் மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலை, மஞ்சள் இரண்டும் தொட்டிக்குள் வரும். மனசு நல்ல மனசுதான். ஆனால் வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பையே கெடுக்கிற சரக்கு, இறாலும் தோலுரித்து வளர்கிற உயிர். ஊறி அழுகும் இலை ஆக்சிஜனையும் தின்னும். பெரியம்மாவின் திருப்திக்கு வேப்பிலையைத் தொட்டிக்கு வெளியே செருகி வைக்கிறேன். காய்ந்த வாதாம் இலை ஒன்றிரண்டு போட்டால் தொந்தரவில்லை, தண்ணீர் தேயிலை நிறமாகும், அவ்வளவே. நோயை அது தீர்க்காது.

ஆன்டிபயாட்டிக் விஷயம் வேறு மாதிரி. மனிதர் விழுங்கும் கேப்சூலை வாங்கி, பிரித்து, தொட்டியில் கொட்டுவது இங்கே சர்வ சாதாரணம். டெட்ராசைக்ளின் கால்சியம், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடினமான தண்ணீரில் பாதி வீணாகும், வெளிச்சத்தில் மீதியும் கெட்டுப் பழுப்பு நுரை கட்டும். எரித்ரோமைசின் நீலப்பச்சைப் பாசியை அழிக்கும். அழிந்த பாசி அழுகி, இரண்டாம் நாள் அம்மோனியா ஏறும், மீன் அதில் போகும். இரண்டு நாள் போட்டு நிறுத்தினால் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமி. துடுப்பு கொஞ்சம் கிழிந்திருப்பதற்கு எல்லாம் இது வேண்டாம், சுத்தமான தண்ணீர் போதும்.

குடல் புழுவுக்கும் செவுள் தட்டைப்புழுவுக்கும் மட்டும் செடித் தொட்டியிலேயே மருந்து போடலாம் என்பேன். பிராசிகுவான்டல் செடியையும் இறாலையும் ஒன்றும் செய்வதில்லை. தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் மூடிய குப்பியில் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். ஃபென்பெண்டசோல் என்றால் நெரைட் நத்தைகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

எப்படியும் தொட்டியில்தான் ஊற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தால்: ஃபில்டரிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து கரிக்குத்தான். யுவி விளக்கை அணையுங்கள். கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் நிறுத்துங்கள் அல்லது பாதியாக்குங்கள். "திரவக் கார்பன்" என்று விற்பது குளூட்டரால்டிஹைட், அதுவே ஒரு கிருமிநாசினி. மருந்தோடு சேர்த்து அதையும் ஊற்றினால் இரண்டு விஷம் ஒரே தொட்டியில். ஒரே நேரத்தில் இரண்டு மருந்தும் வேண்டாம், ஒன்று பலிக்காவிட்டால் தண்ணீரை மாற்றி, கரியில் ஒரு நாள் ஓட்டி, பிறகு அடுத்தது. மெத்திலீன் புளூவைச் செடித் தொட்டியில் விடவே விடாதீர்கள். பாக்டீரியா போகும், செடி போகும், சிலிக்கான் ஒட்டு நீலமாகவே நின்றுவிடும்.

மருந்து முடிந்ததும் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி, புதுக் கரி போட்டு ஒரு வாரம் ஓட்டுகிறேன். அதன் பிறகும் இறாலை நேராக விடுவதில்லை. செடியோடு தானாக வந்து பெருகிக் கிடக்கும் சின்ன நத்தைகளில் நாலைந்தை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, அந்தத் தொட்டித் தண்ணீரை ஊற்றி, கைப்பிடி மண்ணும் போட்டு ஜன்னலோரம் வைப்பேன். மூன்றாம் நாள் காலையில் நத்தை கண்ணாடியில் ஏறியிருந்தால் இறால் வாங்கப் போகலாம். அடியிலேயே அசையாமல் கிடந்தால், மறுபடியும் பக்கெட்டை எடுக்க வேண்டியதுதான்.